நான் உட்கார்ந்தால் திரும்பும் படகு

படகு எலக்ட்ரானிக்ஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளும் தங்கைகளும் என்னைப் பார்க்க வரும்போது ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கிறீர்கள். "சார், உங்க சர்வீஸ்ல கண்டுபிடிச்சதிலேயே கஷ்டமான ஃபால்ட் எது?" நானும் பெரிதாக யோசிப்பதுபோல் மின்விசிறியைப் பார்க்கிறேன். யோசிக்க ஒன்றுமில்லை. நான் கண்டுபிடித்ததிலேயே கஷ்டமான ஃபால்ட் நான்தான்.

அடக்கத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கடலில் ஓட்டிப் பார்த்து, சாட்சிகளை வைத்து நிரூபித்த உண்மை. சாட்சிகள் இன்னும் உயிரோடிருக்கிறார்கள், இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு ஊர் பாகூர். எங்கள் வீட்டில் நெல்லையும் கரும்பையும் தவிர வேறெதையும் தொழில் என்று ஒப்புக்கொண்டதில்லை. அதனால் வந்த சண்டையில் வீட்டைவிட்டு வில்லியனூருக்குப் போய், பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டக் கற்றுக்கொண்டு, அங்கேயே ஒரு கடை போட்டேன். ஒருநாள் ஒருவர் மினி லாரியில் ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினார். எந்தக் கிணற்று மோட்டார் என்றுகூடக் கேட்காமல் கட்டிக் கொடுத்துவிட்டேன். அது படகிலிருந்து வந்தது என்பது, அவர் இன்னும் சில படகுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றபோதுதான் தெரிந்தது. இப்படித்தான் நான் கடல் தொழிலுக்கு வந்தேன். நீச்சல் தெரியாது. இன்றுவரை தெரியாது. படகில் ஏறியதும் நான் முதலில் தேடுவது லைஃப் ஜாக்கெட்டை. ஃபால்ட்டை அதற்கப்புறம் தேடிக்கொள்ளலாம்.

இந்தத் தொழிலில் எனக்கு ஏதாவது பெயர் உண்டென்றால் அது திசை காட்டும் காம்பஸ் விஷயத்தில் நான் காட்டிய கெடுபிடியால் வந்த பெயர். பக்கத்தில் இரும்போ காந்தமோ வந்தால் காம்பஸ் கூசாமல் பொய் சொல்லும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் அந்தப் பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு சடங்கு வைத்திருந்தேன். கைக்கடிகாரம், செல்போன், சாவிக்கொத்து எல்லாம் கரைக்குப் போக வேண்டும். என்னுடையவை மட்டுமில்லை, படகில் இருக்கும் எல்லாருடையவையும். ஒரு தடவை படகுக்காரரின் சம்சாரம் தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்குகளையும் கழற்றி வைக்கச் சொன்னேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில் எந்தக் காம்பஸும் திரும்பியிருக்கும். "கோயிலுக்குள்ள போறதுக்குக்கூட இவ்ளோ கழட்ட வாணாம்ணே" என்பான் கலியமூர்த்தி.

கலியமூர்த்தி யார் என்று சொல்கிறேன். அரியாங்குப்பத்துக்காரன், படகு டிரைவர். தண்ணீருக்குள் குதித்து மீன் பார்க்க வரும் டூரிஸ்டுகளைக் கடலுக்குள் இருக்கும் பாறைத்திட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிற ஒரு மோட்டார் படகை ஓட்டிக்கொண்டிருந்தான். நான் ஓய்வு பெறுவதாக எல்லாரிடமும் சொல்லிவிட்டு, யார் கூப்பிட்டாலும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் கலியமூர்த்தி தவளக்குப்பம் ஜங்ஷனில் ஒரு ஷேர் ஆட்டோ திடீரென்று ஒடித்துத் திரும்ப, டூவீலரோடு விழுந்து வலது தோளை உடைத்துக்கொண்டான். எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் கை முன்போல் ஏறவில்லை. துறையிலிருந்து படகை எடுப்பான், முகத்துவாரம் தாண்டுவான், அலையைப் பார்த்துத் திருப்புவான். அந்த வித்தையில் குறை கிடையாது. அதற்கப்புறம் ஒரு மணி நேரத்துக்குமேல் ஒரே திசையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே போவதுதான் முடியாது. தோள் பூட்டிக்கொள்ளும்.

அந்த ஒரு மணி நேரத்தை, தானாகவே திசை பிடித்து ஓட்டும் ஆட்டோ பைலட் பார்த்துக்கொண்டிருந்தது. கலியமூர்த்தி கையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை முன்னால் வைத்திருப்பான். எதிரே வலையோ படகோ தெரிந்தால் பொத்தானை அமுக்கி ஸ்டியரிங்கை வாங்கிக்கொள்வான். அப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் அந்தக் கிழட்டு ஆட்டோ பைலட் செத்தது.

படகின் சொந்தக்காரர் தனசேகர். வில்லியனூரில் மளிகை மொத்த வியாபாரம். படகு அவருக்குத் தண்ணீரில் ஓடும் லாரி. நல்ல மனுஷன்தான், ஆனால் ராசி பார்ப்பார். அவர் கடையில் காலையில் முதல் போணி ஒரு பால்காரர் கையால்தான் ஆக வேண்டும். அவர் வரும்வரை மூட்டை தூக்க ஆள் நின்றாலும், வாங்க ஆள் நின்றாலும், எல்லாரும் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். தனசேகரின் மைத்துனன் பாபு, படகு ஓட்டத் தெரிந்த தன் ஆள் ஒருத்தனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நாளாகவே மாமாவின் காதைக் கடித்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பெரிய கூட்டம் வருகிறது. அதற்குள் ஆட்டோ பைலட் சரியானால் கலியமூர்த்தி ஓட்டட்டும், இல்லாவிட்டால் பாபுவின் ஆள் ஸ்டியரிங்கைப் பிடிக்கட்டும், கலியமூர்த்தி துறையில் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கட்டும் என்று தனசேகர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பதினெட்டு வயதில் கடலுக்குப் போன ஆளை டிக்கெட் கிழிக்க உட்காரவைப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கலியமூர்த்தி "எப்பிடியாவது பாருண்ணே" என்று மட்டும் போனில் சொன்னான்.

கதைக்குள் போவதற்குமுன் என் இடுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆயுள் முழுக்க என்ஜின் அறைகளில் மடங்கிக் கிடந்ததில் இடுப்பு போய்விட்டது. என் சம்சாரம் சரோஜாவின் தம்பி, அதே தவளக்குப்பத்தில் காந்த பெல்ட் விற்கிறான். இடுப்பில் கட்டிக்கொண்டால் ரத்த ஓட்டம் சீராகி வலி பறந்துவிடுமாம். டீக்கடையில் இந்த பெல்ட்டைப் பற்றி யார் பேசினாலும் நான் விடமாட்டேன். "பூமியே ஒரு பெரிய காந்தம். அதும்மேலயே குந்திக்கினு இருக்கோம். வலி போச்சா? இதக் கட்றவன் முட்டாளு" என்று கலியமூர்த்தியிடமே மேடைப்பேச்சுப் பேசியிருக்கிறேன். பேசிய வாரமே சரோஜா ஒரு பெல்ட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தம்பி ஆசையாகக் கொடுத்தான், கட்டிக்கொள்ளாவிட்டால் அவன் மனசு கஷ்டப்படும் என்றாள். அவன் மனசு கஷ்டப்பட்டால் என் சாப்பாடு கஷ்டப்படும். பனியனுக்கு மேலே, சட்டைக்கு உள்ளே, யாருக்கும் தெரியாமல் கட்டிக்கொண்டேன். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்று உங்களில் சிலருக்கு இப்போதே புரிந்திருக்கும். அவர்களுக்கு என்னைவிட நல்ல எதிர்காலம் இருக்கிறது.

படகுத்துறைக்குப் போய்ப் பார்த்தேன். ஆட்டோ பைலட் என்பது ஒரு கண், ஒரு மூளை, ஒரு கை. காம்பஸ் கண். பொத்தான் வைத்த பெட்டி மூளை. ஸ்டியரிங்கைத் திருப்பும் மோட்டார் கை. மூளை நன்றாகத்தான் இருந்தது. கையில் கார்பன் பிரஷ் தேய்ந்து உப்புப் பூத்திருந்தது. அது என் பழைய பம்ப்செட் வித்தை, கண்ணை மூடிக்கொண்டு செய்தேன். கண்தான் போயே போயிருந்தது. வேறொரு படகிலிருந்து கழற்றிவைத்த நல்ல காம்பஸ் ஒன்று என்னிடம் இருந்ததால் அதைப் போடுவதென்று முடிவு செய்தேன்.

எங்கே வைப்பது? என்ஜினுக்குத் தூரமாக, படகு அதிகம் ஆடாத நடுவில், தாழ்வாக. கேபின் நடுவே பலகை பெஞ்ச் ஒன்று இருந்தது. அதன் அடியில் வைத்தேன். நாற்பது வருட அனுபவம் தேர்ந்தெடுத்த இடம் என்று கலியமூர்த்தியிடம் பெருமையாகச் சொன்னேன். அதற்குமுன் சடங்கை நடத்தி அவன் செல்போனையும் சாவியையும் சட்டைப்பையில் இருந்த பிளேடையும் கரைக்கு அனுப்பியிருந்தேன் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

வியாழக்கிழமை காலை கடலுக்குள் போனோம். காம்பஸுக்குப் படகைப் பழக்க, மெதுவாக வட்டம் அடிக்கச் சொன்னேன். நான் ஸ்டியரிங் பக்கத்தில் நின்று பொத்தான் பெட்டியின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் ஒழுங்காக முடிந்தது. கிழக்கே திருப்பிப் பொத்தானை அமுக்கினேன். ஸ்டியரிங் தானாகக் கொஞ்சம் அசைந்து நின்றது. கலியமூர்த்தி கையை எடுத்தான். படகு கோடு கிழித்த மாதிரி போனது. வலது கையை மடியில் போட்டுக்கொண்டு இடது கையால் அதைத் தடவிக்கொடுத்தான், தூங்க வைத்த குழந்தையைத் தட்டுகிற மாதிரி.

வேலை முடிந்த திருப்தியில் நான் போய் என் பெஞ்சில் உட்கார்ந்தேன். அடை காக்கும் கோழி முட்டைமேல் உட்காருவதுபோல, நான் வைத்த காம்பஸின் தலைக்கு நேர்மேலே உட்கார்ந்தேன்.

படகு இடது பக்கம் திரும்பியது.

எழுந்து ஓடி வந்து திரையைப் பார்த்தேன். படகு மெல்லப் பழைய திசைக்கு வந்து நேராகப் போனது. எல்லாம் சரி. மறுபடி போய் உட்கார்ந்தேன். மறுபடி இடது பக்கம். எழுந்தேன், நேராகப் போனது. இப்படியே நான் எழ, உட்கார, படகு பாம்பு மாதிரி வளைந்துகொண்டே போனது.

"இன்னாண்ணே, உன்னப் பாத்தா வெக்கப்படுதா?" என்றான் கலியமூர்த்தி.

"லூஸ் காண்டாக்ட்" என்றேன். நம் தொழிலில் காரணம் தெரியாத எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர். நான் உட்கார்ந்தால் பலகை அழுந்துகிறது, கீழே வயர் ஆடுகிறது, கணக்கு சரியாக வந்தது. கரைக்கு வந்து வயரையெல்லாம் மாற்றி, யானை மோதினாலும் அசையாதபடி கிளிப் அடித்தேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி போனோம். உட்கார்ந்தேன், திரும்பியது. இந்தத் தடவை கலியமூர்த்தியை உட்காரச் சொல்லிவிட்டு நான் ஸ்டியரிங் பக்கம் நின்றேன். அவன் என்னைவிட ஒன்றரை மடங்கு எடை. பலகை முனகியது. படகு நேராகப் போனது.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் ஒரு நல்ல மெக்கானிக் நின்றிருப்பான். ஒரே பெஞ்ச், ஒரே வயர், இரண்டு உடம்பு. ஒன்றுக்குத் திரும்புகிறது, இன்னொன்றுக்குத் திரும்பவில்லை. அப்படியானால் இரண்டு உடம்புக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருப்பான். நானும் நின்றேன். அலை ஆடியதால் விழாமல் இருக்க நின்றேன். அப்புறம் காம்பஸை மாட்டியிருக்கும் தகட்டில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, சனிக்கிழமை காலை வந்து அதைக் கழற்ற ஆரம்பித்தேன்.

அன்றைக்கு இன்னொரு தொல்லை. ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் வேலை செய்கிறேன், பக்கத்தில் மூடியில் கொட்டிவைத்த வாஷர் காணவில்லை. ஒரு நட்டும் காணவில்லை. என்ஜின் பக்கம் இருந்த கலியமூர்த்தியைப் பார்த்து, படகில் எலி இருக்கிறதா என்று கத்தினேன்.

"எலி நட்டத் தின்னு இன்னாண்ணே பண்ணும்?" என்று அங்கிருந்தே கேட்டான்.

வேறு வாஷர் எடுத்துப் போட்டேன்.

பத்து மணிவாக்கில் தனசேகரும் பாபுவும் வந்தார்கள். ஒரு ரவுண்டு போனோம். நான் உட்கார்ந்தேன். திரும்பியது. பாபு முதலில் கடலைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். வியாழக்கிழமையிலிருந்தே இப்படித்தானா என்று கலியமூர்த்தியிடம் விசாரித்தான். பொய் சொல்லத் தெரியாத அந்த மனுஷன் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டான். பாபு மாமாவின் காதருகே போய் ஒரே ஒரு சொல் சொன்னான். தனசேகரின் முகம் மாறியதிலிருந்து அது என்ன சொல் என்று புரிந்தது. கரைக்குத் திரும்பியதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க மேஸ்திரி. நீங்க கொஞ்ச நேரம் கரையில இருங்களேன். நாங்க ஒரு வாட்டி போய்ட்டு வந்துர்றோம்."

நான் கரையில் நின்றேன். என் காம்பஸ், என் வயர், என் கிளிப் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, என்னை மட்டும் இறக்கிவிட்டுப் படகு போனது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை நேராகப் போனது. திரும்பி வந்தபோதும் நேராகவே வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ரிப்பேர் செய்த ஒரு பொருள் நன்றாக ஓடுவதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. ராசி, ஜாதகம், பல்லி சொன்னது என்று யார் பேசினாலும் வம்புக்கு இழுக்கிற நான், என்னுடைய நட்சத்திரத்துக்கு இப்போது என்ன நடக்கிறது என்று மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

சரி, நான் ஏறாவிட்டால் ஓடுகிறதே, ஓடட்டும் என்றேன். கலியமூர்த்தியின் வேலை பிழைத்தால் போதும். ஆனால் பாபு விடவில்லை.

"பெரியவரே, ஒங்கள எறக்கிட்டோம். நாளைக்கு வர்ற டூரிஸ்ட்டுல ஒங்கள மாதிரியே ஒருத்தன் வந்து அதே எடத்துல குந்துனா இன்னா பண்றது? அப்ப எதிர்ல ஒரு படகு வந்தா?"

ஆளைப் பார்த்து ஓடுகிற மெஷினை நம்பி ஜனங்களை ஏற்ற முடியாது என்றார் தனசேகர். நாளைக்குப் பாபுவின் ஆள் ஓட்டட்டும் என்றார். கலியமூர்த்தி சரி என்று தலையாட்டிவிட்டு, கயிற்றைச் சுற்றி வைக்கப் போனான். இடது கையால்தான் சுற்றினான். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"உம்மேல தப்பு இல்லண்ணே" என்றான். "ராசிக்கு நீ இன்னா பண்ணுவ."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் விழுந்த ஜங்ஷன் வழியாகத்தான் நான் வீட்டுக்குப் போக வேண்டும். மெதுவாகவே போனேன். வீட்டில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். காப்பி கொண்டுவந்த சரோஜா என் முதுகுக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாங்க இது, பெல்ட்டுக்கு ஜரிக வச்ச மாதிரி?"

கையைப் பின்னால் விட்டுத் தடவினேன். காலையில் காணாமல் போன வாஷர்கள் அத்தனையும் என் இடுப்பில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. நட்டும் இருந்தது. பெஞ்சுக்கு அடியில் சட்டை மேலேறிக் கிடந்த நேரத்தில் ஒவ்வொன்றாக வந்து ஒட்டியிருக்கின்றன. ஊர்ப் பெண்களின் தாலிக்கயிற்று ஊக்கைக் கழற்றச் சொன்ன நான், இடுப்பைச் சுற்றிக் காந்தக்கடையே கட்டிக்கொண்டு மூன்று நாளாகக் காம்பஸின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயத்தைச் சொன்னதும் சரோஜா என்ன சொன்னாள் தெரியுமா? "எந்தம்பி பெல்ட்ட இனிமே கொற சொல்லாதீங்க. நல்ல காந்தம்னு படகே சொல்லிடுச்சில்ல."

அந்தச் சாயங்காலம் என் மூளை எவ்வளவு வேகமாக வேலை செய்தது தெரியுமா? மூன்று நாளும் ஃபால்ட் கண்டுபிடிக்காத மூளை, ஃபால்ட்டை மறைக்க ஒரே நிமிஷத்தில் வழி கண்டுபிடித்தது. காலையில் பெல்ட் இல்லாமல் போகலாம். உட்காரலாம். படகு நேராகப் போகும். கடைசியாக ஒரு லூஸ் காண்டாக்ட்டைப் பிடித்துவிட்டேன் என்று சொல்லலாம். கலியமூர்த்திக்கு வேலை பிழைக்கும், எனக்கு மானம் பிழைக்கும்.

காப்பி ஆறும்வரை அந்த யோசனை அழகாகத்தான் இருந்தது. அப்புறம் பாபு கேட்டது ஞாபகத்துக்கு வந்தது. அவன் என்னைக் குத்திக் காட்டத்தான் கேட்டான். ஆனால் அந்த மூன்று நாளில் அந்தப் படகைப் பற்றி யாரும் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான். டூரிஸ்டுகள் ஸ்பீக்கர் கொண்டுவருவார்கள். ஸ்பீக்கருக்குள் காந்தம். தண்ணீருக்குள் எடுத்துப் போகும் டார்ச் லைட் சிலவற்றில் சுவிட்சே காந்தம்தான். நான் தேர்ந்தெடுத்த இடத்தின்மேல் எவனாவது ஒருத்தன் பாட்டுப் போட்டுக்கொண்டு உட்காரத்தான் போகிறான். கலியமூர்த்தி கையை மடியில் வைத்திருக்கும் நேரத்தில் படகு சொல்லாமல் கொள்ளாமல் திரும்பும். என் பெல்ட் ஒரு தப்பு. ஆட்கள் உட்காரும் பலகைக்கு அடியில் காம்பஸை வைத்தது அதைவிடப் பெரிய தப்பு. பெல்ட்டை வீட்டில் விட்டுவிடலாம். இந்தத் தப்பை அப்படி விட்டுவிட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை டூரிஸ்டுகள் வருவதற்கு முன்பே மஞ்சப்பையில் பெல்ட்டைச் சுருட்டிப் போட்டுக்கொண்டு துறைக்குப் போனேன். பாபுவின் ஆள் ஏற்கெனவே வந்து நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் தனசேகர் இரண்டடி பின்னால் போனார். ஒரே ஒரு ரவுண்டு, அவ்வளவுதான், என்று கெஞ்சிக் கூத்தாடி ஏறினேன். கலியமூர்த்தி ஓட்ட, தனசேகரும் பாபுவும் கூட வந்தார்கள். பையைப் படகின் பின்கோடியில், காம்பஸுக்கு எட்டாத தூரத்தில் வைத்தேன். முகத்துவாரம் தாண்டியதும் கலியமூர்த்தி பொத்தானை அமுக்கினான். நான் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

நேராகப் போனது. நான் நகர்ந்து உட்கார்ந்தேன், குலுங்கி உட்கார்ந்தேன். நேராகத்தான் போனது.

தனசேகர் கண் கலங்கிவிட்டார். "எந்தக் கோயிலுக்குப் போய்ட்டு வந்தீங்க மேஸ்திரி?" என்று கேட்டார்.

ஏதாவது ஒரு கோயில் பெயரைச் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். எங்கள் பக்கம் கோயிலுக்கா பஞ்சம். நாக்கு நுனியில் ஒன்று வந்தும் விட்டது. முன்னால் கலியமூர்த்தி கையை மடியில் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்திருந்தான். நான் எழுந்துபோய்ப் பையைக் கொண்டுவந்தேன். பெல்ட்டை எடுத்துப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

பெஞ்சில் ஆளே இல்லை. படகு திரும்பியது.

பெல்ட்டை எடுத்தேன், நேரானது. வைத்தேன், திரும்பியது. இது என்ன, யாருடையது, எத்தனை நாளாக என் இடுப்பில் இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்பே தனசேகர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். சிரிக்கிறாரா, வாந்தி எடுக்கிறாரா என்று சந்தேகமாக இருந்தது. சிரிப்புத்தான். கலியமூர்த்தி மட்டும் சிரிக்காமல் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணே, பெல்ட்டு கட்றவன் முட்டாளுன்னு சொன்னல்ல?"

"சொன்னேன்."

"கரெக்டாதான் சொல்லியிருக்க."

அப்புறம்தான் அவனும் சிரித்தான். தோள் வலிக்க வலிக்கச் சிரித்தான்.

பாபு எங்கள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தான். "அப்ப நாளைக்கு இதும்மேல ஒருத்தன் ஸ்பீக்கர் வெச்சா?" என்றான்.

"திரும்பும்" என்றேன். "நேத்து நீங்க கேட்டீங்களே, அதான் சரி. எடமே தப்பு. நாளைக்கு காம்பஸ வேற எடத்துக்கு மாத்தறேன். இன்னிக்கு இந்த பெஞ்ச அடச்சிடுவோம். யாரும் கிட்ட வரக்கூடாது, எதையும் வெக்கக் கூடாது. அப்பிடின்னா கலியமூர்த்தி தாராளமா ஓட்டலாம்."

தான் கேட்டதுதான் சரி என்று ஒரு மெக்கானிக் வாயால் வந்ததும் பாபுவுக்கு முகமே மலர்ந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் கரையில் காத்திருந்த தன் ஆளைச் சுத்தமாக மறந்துவிட்டான். கயிறு எங்கே என்று கேட்டு அவனே பெஞ்சைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தான். தனசேகர் கலியமூர்த்தியைப் பார்த்து, "நீயே எடுத்துனு போ" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க மட்டும் எறங்கிடுங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனாலும் இறக்கிவிட்டுத்தான் போனார்.

மறுநாள் காம்பஸைப் படகின் முன்பக்கம், யாரும் நுழையாத ஒரு சின்ன அலமாரிக்குள் மாற்றினேன். அங்கே ஆட்டம் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் ஆள் கிடையாது. புத்தகத்தில் சொல்லும் நல்ல இடம் வேறு, படகில் மனுஷர்கள் ஏறியபிறகு மிச்சமிருக்கும் நல்ல இடம் வேறு. காம்பஸ் வைக்க இடம் தேடும்போது காலிப் படகைப் பார்க்காதீர்கள். டூரிஸ்டுகள் ஏறிய படகைப் பாருங்கள். எல்லார் சட்டைப்பையையும் காலி பண்ணிய பிறகு உங்கள் சட்டையையும் ஒரு தரம் தூக்கிப் பாருங்கள். எனக்குத் தெரிந்த தொழில் ரகசியம் அவ்வளவுதான்.

அந்தப் பெல்ட்டால் என் இடுப்பு வலி குறைந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் பெல்ட்டுக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது. அந்தப் படகில் எதை மாற்றினாலும், புது ஸ்பீக்கர் மாட்டினாலும், புது நாற்காலி போட்டாலும், தனசேகர் எனக்குத்தான் போன் செய்கிறார். "மேஸ்திரி, பெல்ட்டோட வாங்க." மற்ற படகுக்காரர்கள் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போடும் இடத்தில் என்னை வைக்கிறார். நான் பெல்ட்டைச் சட்டைக்கு மேலேயே, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கட்டிக்கொண்டு ஒவ்வொரு சீட்டாக உட்கார்ந்துகொண்டே போவேன். நான் உட்கார்ந்தும் திரும்பாத படகில்தான் அவர் டூரிஸ்ட்டை ஏற்றுகிறார். ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்குமா? உட்காருவதுதான் வேலை.

போன மாதமும் கூப்பிட்டார். கடைசியாக அந்த நடு பெஞ்சுக்கு வந்தேன். பழைய நினைப்பில் ஒரு கணம் தயங்கினேன். கலியமூர்த்தி திரும்பிப் பார்க்கவில்லை. வலது கை மடியில் இருந்தது, கண் முன்னால் இருந்தது.

"குந்துண்ணே" என்றான். "நல்லா சாஞ்சி குந்து."

உட்கார்ந்தேன். படகு போய்க்கொண்டே இருந்தது.